பலாப்பழம் விழாத இடம்

என் மகனுக்கு,

நான் கார் வாங்கப் போகிறேன் என்று ஆலங்காயத்திலும் வாணியம்பாடியிலும் பேசிக்கொள்கிறார்களாம். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் கார் வாங்கவில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். போன வாரம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வெள்ளைச் சட்டையும் கையில் லைசென்ஸுமாக வந்து, "டீச்சருக்கு டிரைவர் வேணும்னு சொன்னாங்க, அதான் வந்தேங்க" என்று வாசலில் நின்றார். காப்பி கொடுத்து அனுப்பினேன். இன்னும் சிலர், என்னைத் தன்னோடு வைத்துக்கொள்ள மனமில்லாத மகன் அதற்குப் பதிலாக ஒரு கார் அனுப்பப் போகிறான் என்கிறார்களாம். இது முதல் பொய்யைவிட மோசம். நீ கூப்பிட்டாய், நான்தான் வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்: நான் வாடகைக்கு வீடு தேடினேன். கார் நிறுத்த இடமுள்ள வீடாகத் தேடினேன். அந்தக் கார் உன்னுடையது. வீடு கிடைத்துவிட்டது. மனம் லேசாகியிருக்கிறது, அதனால் எழுத உட்கார்ந்தேன். நாலு பேர் பார்க்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. பேசியவர்களும் படிக்கட்டும்.

அப்பாவின் முதல் திவசத்தை நீ மறந்திருக்க மாட்டாய். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வீடு காவலூரைத் தாண்டி, சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போக வேண்டிய வீடு. கார் கீழேயேதான் நிற்க வேண்டும். வெயிலில் எதற்கு, பலாமரத்து நிழலில் விடு என்று நான்தான் சொன்னேன். ஆனி மாதம். படையல் முடிந்து எல்லோரும் இலையில் உட்கார்ந்து, நீ வடையைக் கையில் எடுத்தபோது கீழே தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் காரின் கூரை சட்டி போலக் குழிந்து, அந்தக் குழிக்குள் பழம் அமைதியாக உட்கார்ந்திருந்தது, யாரோ பார்த்து எடுத்து வைத்த மாதிரி. நான் சிரித்துவிட்டேன். அப்பா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான், அதனால் அதை அடக்கவும் தெரியவில்லை. உன் முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் தங்குவதாக வந்தவன் அன்று மாலையே பையைத் தூக்கினாய். "வண்டிய வுட ஒரு எடமில்லாத ஊர்ல எப்படிம்மா தங்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனாய். பிறகு நீ வராமல் இல்லை. காலையில் வருவாய், சாப்பிடுவாய், இருட்டுவதற்குள் மலையிறங்கிவிடுவாய். காரைச் சாலையோரம் டீக்கடைக்கு எதிரே விட்டுவிட்டு, சோற்றில் கை வைத்தபடியே வாசலைப் பார்ப்பாய். அந்தத் திவசத்திலிருந்து நீ ஓர் இரவுகூட என் வீட்டில் படுத்துத் தூங்கவில்லை.

டீக்கடை பூங்காவனம் முதல் பள்ளிக்கூடத்து ஆயா வரை என்னிடம் ஒன்றையேதான் சொன்னார்கள். கார் வெறும் சாக்கு என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீ பொய் சொன்னால் உன் காது மடல் சிவக்கும், அன்றைக்கு முகம்தான் வாடியிருந்தது, காது சிவக்கவில்லை. இடமில்லை என்று நீ சொன்னதை இடமில்லை என்றே எடுத்துக்கொண்டேன். சில நாள் எனக்கும் சந்தேகம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது? இடத்தைக் கண்டுபிடித்து வைத்துவிட்டால் தெரிந்துவிடும். இடம் இருந்தும் நீ தங்கவில்லையென்றால் அப்போது நினைக்க வேண்டியதை நினைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

மலையை விட்டு இறங்க வேண்டிய நேரமும் வந்திருந்தது. முட்டி அந்தப் பாதையில் ஏற மறுத்தது, டாக்டரைப் பார்ப்பதென்றால் ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். இதற்காக நான் அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. தை பிறப்பதற்குள் வீடு கிடைக்காவிட்டால் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று நீ கெடு வைத்தாய். உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் நான் உன் வீட்டில் இருப்பது வேறு, நீ என் வீட்டுக்கு வருவது வேறு. பிள்ளை வந்து, கதவைத் தள்ளித் திறந்து, சமையலறையில் மூடி வைத்ததை எல்லாம் திறந்து பார்த்து, காலை நீட்டிப் படுக்க எனக்கென்று ஒரு வீடு வேண்டும். வாணியம்பாடி என்று நான் தீர்மானித்ததும் அதனால்தான். பெங்களூர் ரோட்டிலிருந்து நேரே திரும்பி உள்ளே வந்துவிடலாம், மலையேற வேண்டியதில்லை. தலைக்கு மேலே மரமும் இல்லை.

இப்போது அளவு விஷயத்துக்கு வருகிறேன். ஆயுள் முழுக்க அரசுப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்தவள், கார் நிற்குமா நிற்காதா என்பதைக் கண்ணால் பார்த்து நம்ப மாட்டேன். எங்கள் கான்வென்டில் தையல் சொல்லித் தந்த சிஸ்டர், குட்டை நாடாவை எடுத்து எடுத்து வைத்து அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை பொய் சேரும் என்பார். என்னிடம் இருப்பது ஐந்தடி நாடா. காரை அதனால் அளந்தால் எத்தனை பொய் சேரும்? அதனால் போன பொங்கலுக்கு நீ வந்து, மேலே வீட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது, என் ஆரணிப் பட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அப்பா எடுத்துத் தந்த அதே இலைப்பச்சைப் புடவை. ஆறு கஜம், ஒரே நீளம், ஜரிகைக் கரை இழுத்தாலும் நீளாது. பூங்காவனத்தைக் கூப்பிட்டு முந்தானையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா டீச்சர்மா, காருக்குப் பொடவ கட்டப் போறீங்களா? பட்டா வேற?" என்றாள். வாயை மூடிக்கொண்டு பிடி என்றேன். முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை வந்த இடத்தில் கரையில் மஞ்சள் நூலால் ஒரு தையல் போட்டேன். இரண்டு பக்கக் கதவும் முழுக்கத் திறந்தால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று உத்தேசித்து வெள்ளை நூலால் ஒரு தையல். அடையாளத்துக்காகப் பட்டில் முடிச்சுப் போடுகிறவள் நான் அல்ல. நீ தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்து, நான் உனக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

வீடு காட்டுவதற்கு ஏழுமலை என்ற புரோக்கரைப் பிடித்தேன். ஆலங்காயத்துப் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது நிலமும் வீடும் காட்டுகிறார். மரியாதையான மனிதர். ஆனால் அவர் வாயில் "பார்க்கிங் கீதுங்கம்மா" என்பது மட்டும் எந்த வீட்டுக்கும் பொருந்துகிற ஒரு வார்த்தையாக இருந்தது. முதலில் காட்டிய வீட்டில் அது மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு மொபெட் நின்றால் மூன்றாவது வெளியே நிற்க வேண்டும். வேறொரு வீட்டில் தெருவையே காட்டினார். நகரசபைக்குச் சொந்தமானதை எனக்கு வாடகைக்கு விட நீங்கள் யார் என்று கேட்டேன். மூன்றாவதில் உண்மையிலேயே இடம் இருந்தது. புடவையைப் பிரித்தேன். ஏழுமலை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். "யார்னா பாத்தா இன்னாம்மா நெனப்பாங்க" என்று முணுமுணுத்தார். பார்த்தார்கள். மேலே பால்கனியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, கூடவே இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்து, கரையைத் தடவிப் பார்த்து, "தவணையில தர்றீங்களா?" என்று கேட்டாள். விற்பனைக்கு இல்லை என்றேன். பிறகு எதற்குக் கடை விரித்தீர்கள் என்று அவள் கோபித்துக்கொண்டு போனாள். நீளம் சரியாக இருந்தது. ஆனால் வெள்ளைத் தையல் வருவதற்கு முன்பே ஒரு தூண் வந்துவிட்டது. ஒரு பக்கக் கதவு திறக்காது. ஒரு பக்கமாகவே எல்லோரும் இறங்கிக்கொள்ளலாமே என்றார் ஏழுமலை. என் மகனுக்கு அவன் அப்பாவின் உடம்பு, சீட்டுக்குச் சீட்டு தாண்டி இறங்குவதற்குள் பொங்கல் முடிந்துவிடும் என்றேன். மனிதர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.

சிரிக்க முடியாத வீடுகளும் இருந்தன. எல்லாம் பொருந்திய ஒரு வீட்டில், எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருத்தி என்றேன். வீட்டுக்காரர் என்னிடம் பேசாமல் ஏழுமலையிடம், வயசானவங்க தனியா இருந்து ஏதாவது ஆகிவிட்டால் பிறகு அந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்றார். நான் அங்கேயே நிற்கிறேன், காதும் நன்றாகக் கேட்கிறது. நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வண்டியே இல்லாத அம்மாவுக்கு வண்டி விட இடம் எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். வரப் போகிறது என்று மட்டும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லி, நீ தங்காமல் போன கதையைச் சொல்லி இடம் கேட்க எனக்கு விருப்பமில்லை. கார் வரப் போகிறது என்ற செய்தி அங்கிருந்துதான் ஊருக்குள் போயிருக்கிறது. மார்கழியும் பிறந்துவிட்டது. புடவையை மடித்துப் பையில் வைக்கும்போது, இனி இதை எடுக்க மாட்டேன், பெங்களூருக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஏழுமலை, ஒரு பாயம்மா வூடு கீது, ரொம்ப நாளாகக் காலியாகவே இருக்கிறது என்றார். ஏன் காலி என்று கேட்டதற்கு, வந்து பாருங்க என்றார். மூன்று மாடிக் கட்டடம். தரைத்தளம் முழுக்க வண்டிகளுக்கு, முதல் மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் ஜுபைதா அம்மாள், அவருக்கு எதிர்வீடுதான் காலி. லிஃப்ட் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் தோல் வியாபாரம் செய்து கட்டிய கட்டடமாம். அவரும் இல்லை. புடவையை நான் பிரித்ததும் அவர் வேறு எதையும் கேட்கவில்லை. விரலால் கரையைத் தொட்டு, "ஆரணி" என்றார். பிறகு, ஏழுமலையின் கையிலிருந்து முந்தானையை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு சுவர் வரை பின்னால் நடந்து போனார். மஞ்சள் தையல் வந்தது, அதையும் தாண்டி இடம் போனது. குறுக்கே பிடித்தோம். வெள்ளைத் தையல் வந்தது, தூண் வரவில்லை. வாடகைக்கு விடுகிறவர்களில் மறுமுனையைப் பிடித்தவர் அந்த அம்மாள் ஒருவர்தான்.

"வண்டி எங்கம்மா?" என்று கேட்டார்.

"பெங்களூர்ல. பையனோடது."

"எப்ப வரும்?"

நான் என் பக்கத்துப் புடவையை மடிக்க ஆரம்பித்தேன். அவர் முந்தானையை மடித்து என் கையில் கொடுத்தார். "எனக்கு ரெண்டு பசங்க. ஒருத்தன் மெட்ராசு, ஒருத்தன் துபாய். அவுங்க வண்டிக்கும் இங்க எடம் வுட்டுத்தான் கட்டினாரு. எடம் கீதுங்க. வண்டிதான் வர்ல" என்றார். அதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. மழை இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

வீடு ஏன் காலியாகக் கிடந்தது என்பதையும் அவரே சொன்னார். அந்த வீட்டுக்கு உரிய பார்க்கிங்கில்தான் ரமலான் மாதம் முழுக்கச் சாயங்காலம் நோன்புக் கஞ்சி காய்ச்சித் தெருவில் எல்லோருக்கும் ஊற்றுகிறார்கள். கணவர் இருந்த காலத்திலிருந்து நடப்பது, நிறுத்த முடியாது. குடிவந்தவர்கள் எல்லோரும் அதற்காகவே சண்டை போட்டுக் காலி செய்திருக்கிறார்கள். சொல்லிவிட்டு அந்த அம்மாள், நானும் கிளம்பிவிடுவேன் என்பது போல என் பையைப் பார்த்தார். நான் யோசித்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீ வந்தால் இடைஞ்சல் இல்லை. ஆனால் நோன்பு நாளில் வர வேண்டுமென்று உனக்குத் தோன்றினால்? அதையே கேட்டேன். "பையன் வந்தா அண்டாவ அந்தாண்ட தள்ளிக்கலாம். கஞ்சிக்குக் காலு கெடையாது, எங்க வெச்சாலும் வேவும்" என்றார். அண்டா எவ்வளவு அகலம் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறக்கிக் காட்டச் சொன்னேன், அளந்தேன். மஞ்சள் தையலுக்கு அப்பால் மிஞ்சிய புடவைக்குள் அண்டா அடங்கியது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தேன். நீ எப்போதாவது வீடு தேடினால் உதவும், சொல்லி வைக்கிறேன்: குறையைத் தானாகவே சொல்கிற வீட்டுக்காரரை விடாதே. ஜன்னலையும் தரையையும் விட அதுதான் முக்கியம்.

குடிவந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, உன் மனைவியிடம் போனில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீளம், அகலம், தூண் இல்லாதது, எல்லாம். "அத்தை, அந்தக் கார வித்தாச்சே, அவர் சொல்லலையா?" என்றாள் அவள். ஐப்பசியிலேயே விற்றுவிட்டீர்களாம். புதிதாக ஏழு பேர் உட்காரும் கார் வாங்கியிருக்கிறீர்களாம். இத்தனை வீடு ஏறி இறங்கி நான் தேடியது, யாருடைய வாசலிலோ நிற்கிற ஒரு காருக்கு. பலாப்பழம் போட்ட குழியோடு அது போய்விட்டது. எதற்கு அவ்வளவு பெரிய கார் என்று கேட்டேன், குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்திருக்கும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க வீடு பாக்கறீங்கன்னு தெரிஞ்சதும்தான் அத்தை. எங்கம்மா, அப்பா, பசங்க எல்லாரும் சேர்ந்து வந்து தங்கலாம்னார். திரும்பி வரும்போது உங்களையும் ஏத்திக்கிட்டு வர்றதுக்கு ஒரு சீட் வேணும்னு அவர்தான் எண்ணிப் பாத்து வாங்கினார்."

போனை வைத்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜுபைதா அம்மாள் எதிர்வீட்டிலிருந்து வந்து என்ன விஷயம் என்று கேட்டார். பெரிய கார் வாங்கிவிட்டான் என்றேன். "அய்யோ, அண்டாவ மாடிக்குக் கொண்டு போவணுமா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் சிரிப்பினால்தான் என்று எழுதிக்கொள். கார் சாக்கு என்று சொன்னவர்கள் எல்லோரும் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கட்டும். உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நல்ல காரியம் செய்யும்போது அதை வாயைத் திறந்து சொல். நானும் உன்னிடம் சொல்லாமல்தான் அளந்தேன் என்று நீ திருப்பிச் சொல்லலாம். சரி, இரண்டு பேரும் ஒரே ரகம், அப்பா பார்த்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். இன்னொன்று, அந்த ஏழாவது சீட் கடைசி வரிசையில் இருக்கும் என்று கேள்விப்பட்டேன். என் முட்டிக்கு அது ஆகாது. உன் பிள்ளைகளை அங்கே உட்கார வை.

வீடு நன்றாக இருக்கிறது. சமையலறை ஜன்னலில் காலை வெயில் வருகிறது. உனக்கு முன்னறையில் கட்டில் போட்டு, பாயும் போர்வையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுப் பையனின் பைக் ஒரு நாள் நின்றது, எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டான். மஞ்சள் தையலையும் வெள்ளைத் தையலையும் பட்டு சேதமாகாமல் பிரித்துவிட்டேன். ஊசியில் புது நூல் கோத்து வைத்திருக்கிறேன்.

புதுக் காரின் நீளம் எவ்வளவு, இரண்டு பக்கக் கதவும் திறந்தால் அகலம் எவ்வளவு, எந்தத் தேதி வருகிறாய், எத்தனை இரவு தங்குவாய் என்று எனக்கு ஒரு தாளில் எழுதி அனுப்பு. போனில் சொன்னால் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா